பெரிஸ்கோப், ஸ்நார்கல்: நீர்மூழ்கியைக் காப்பாற்ற வந்த குழாய்களே அதைக் காட்டிக்கொடுத்த கதை

2017 நவம்பர் 15. அர்ஜென்டினாவின் 'ஏஆர்ஏ சான் ஹுவான்' நீர்மூழ்கிக் கப்பலில் இருந்து கரைக்கு ஒரு தகவல் வருகிறது. ஸ்நார்கல் வழியாகக் கடல் நீர் உள்ளே புகுந்துவிட்டது, முன்பக்க பேட்டரியில் ஷார்ட் சர்க்யூட் ஆகி தீப்பிடித்தது என்பதுதான் அதன் சாரம். அதன்பிறகு கொஞ்ச நேரத்திலேயே தொடர்பு அறுந்துபோனது.

ஓராண்டு கழித்து, சுமார் 900 மீட்டர் ஆழத்தில் நொறுங்கிக் கிடந்த கப்பலைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே இருந்த 44 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கப்பல் மூழ்கியதற்கான முழுக் காரணம் என்ன என்ற விவாதம் இன்றும் முடியவில்லை. ஆனால் கரைக்கு வந்த அந்தத் தகவலில் இருந்த ஒரு வார்த்தை முக்கியமானது: ஸ்நார்கல்.

அது என்ன? தண்ணீருக்கு அடியில் இருந்துகொண்டே மேலிருந்து காற்றை இழுத்துக்கொள்ள உதவும் குழாய். இதேபோல, தண்ணீருக்கு அடியில் இருந்துகொண்டே மேலே நடப்பதைப் பார்க்க உதவும் குழாய் பெரிஸ்கோப். சினிமாவில் நீர்மூழ்கி என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது இந்தப் பெரிஸ்கோப்தான். கேப்டன் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அதில் கண் வைப்பார், எதிரிக் கப்பல் பளிச்சென்று தெரியும், டார்பிடோ பாயும், கப்பல் மூழ்கும்.

நிஜப் போர்களில் அது அவ்வளவு சுலபமாக இல்லை. இந்த இரண்டு குழாய்களின் குறைகள் பல ஆயிரம் பேரின் உயிரோடு விளையாடியிருக்கின்றன. அதில் இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் யு-போட்களும் உண்டு, 1971 போரில் இந்தியா இழந்த ஒரு போர்க்கப்பலின் கதையும் உண்டு.

முதலில், நீர்மூழ்கிக்கு எதற்குக் காற்று?

அணுசக்தி இல்லாத நீர்மூழ்கியில் இரண்டு வகை இயக்கம் இருக்கும். கடலின் மேலே போகும்போது டீசல் இன்ஜின். மூழ்கிய பிறகு பேட்டரியில் ஓடும் மின் மோட்டார். டீசல் எரிய காற்று வேண்டும், தண்ணீருக்குள் அது கிடையாது. அதனால்தான் பேட்டரி. ஆனால் அந்த பேட்டரியை சார்ஜ் செய்வதும் அதே டீசல் இன்ஜின்தான். ஆக, எப்போதாவது காற்று உள்ள இடத்துக்கு வந்தே தீர வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி அதிகமாகப் பயன்படுத்திய 'டைப் 7சி' நீர்மூழ்கியை எடுத்துக்கொள்வோம். கடலின் மேலே மணிக்கு சுமார் 33 கி.மீ. வேகத்தில் போகும். மூழ்கினால் அதிகபட்சம் சுமார் 14 கி.மீ. தான். அந்த வேகத்தில் போனால் பேட்டரி சீக்கிரமே காலி. மணிக்கு 7 கி.மீ. சொச்சம் வேகத்தில், அதாவது நாம் வேகமாக நடப்பதைவிடச் சற்றே அதிகமான வேகத்தில் போனால்கூட, சுமார் 150 கி.மீ. தூரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். கிட்டத்தட்ட 20 மணி நேரம், அவ்வளவுதான்.

அதனால் அந்தக் காலத்து நீர்மூழ்கியை 'தேவைப்பட்டால் கொஞ்ச நேரம் மூழ்கத் தெரிந்த கப்பல்' என்று சொல்வதுதான் பொருத்தம். பெரும்பாலான நேரம் அது கடலின் மேலேதான் இருந்தது. ஒளிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் மட்டும் உள்ளே போனது. அப்போதுதான் பெரிஸ்கோப் தேவைப்பட்டது.

பெரிஸ்கோப்பில் உண்மையில் என்ன தெரியும்?

நாம் நினைப்பதைவிட ரொம்பக் குறைவாகத்தான் தெரியும். முதல் பிரச்சனை உயரம். பூமி உருண்டை என்பதால், கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் தொடுவானம் தெரியும். பெரிஸ்கோப்பின் தலை தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால், தொடுவானம் சுமார் 3.6 கி.மீ. தூரத்தில் முடிந்துவிடும். கடற்கரையில் ஈர மணலில் நிற்கும் ஒருவருக்கே சுமார் 4.5 கி.மீ. வரை தெரியும். உயரமான கப்பல்களின் பாய்மரக் கம்பமும் புகையும் இன்னும் தொலைவில் இருந்தே தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அலை ஒரு மீட்டர் எழும்பினால் அதுவும் போச்சு. கேப்டனுக்குத் தெரிவது பச்சைத் தண்ணீர் மட்டும்தான்.

சரி, குழாயை இன்னும் நீளமாக்கினால்? கீழே இறக்கும்போது அந்தக் குழாய் முழுவதும் கப்பலுக்குள் அடங்க வேண்டும். கப்பலின் உயரம்தான் குழாயின் நீளத்துக்கு எல்லை. டைப் 7சி நீர்மூழ்கி சுமார் 13, 14 மீட்டர் ஆழத்தில் இருந்துதான் பெரிஸ்கோப்பை உயர்த்தும். அந்த ஆழத்தில் கப்பலின் மேல் கோபுரம் நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழேதான் இருக்கும். மத்தியதரைக் கடல் போன்ற தெளிவான தண்ணீரில், மேலே பறக்கும் விமானத்துக்கு அது கருநிழலாகத் தெரிந்துவிடும்.

இரண்டாவது, பார்வையின் அகலம். ஆறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு நேரத்தில் தெரிவது சுமார் 10 டிகிரி மட்டுமே. பேப்பரைச் சுருட்டி ஒற்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு நான்கு வழிச் சாலையைக் கடப்பதை யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் ஒருமுறை முழுதாகப் பார்க்க அந்தக் குழாயை ஏறத்தாழ 36 முறை நகர்த்தியாக வேண்டும். அதற்குள் பின்னால் ஒரு விமானம் வந்தால் தெரியாது. அதனால்தான் கேப்டன்கள் முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் வானத்தையும் கடலையும் ஒரு சுற்று வேகமாகப் பார்த்துவிட்டுத்தான் இலக்கைக் கவனித்தார்கள்.

மூன்றாவது, வெளிச்சம். பெரிஸ்கோப் என்பது வெறும் இரண்டு கண்ணாடி இல்லை. நீளமான குழாய்க்குள் வரிசையாக லென்ஸ்களும் பட்டகங்களும் இருக்கும். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். இப்படி 20 பரப்புகளைக் கடந்தால் பாதிக்கும் மேல் காணாமல் போய்விடும். ஒளி திரும்பாமல் தடுக்கும் பூச்சுக்கு ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935-லேயே காப்புரிமை வாங்கினார். அது நிலைமையை மேம்படுத்தியது. ஆனாலும் இருட்டில் பெரிஸ்கோப் பெரிதாக உதவவில்லை.

நான்காவது, வேகம். நீர்மூழ்கி வேகமெடுத்தால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் அதிரும், படம் நடுங்கும். அதோடு, குழாய் தண்ணீரைக் கிழித்துப்போகும் இடத்தில் வெள்ளை நுரைக் கோடு விழும். அமைதியான கடலில் அந்தக் கோடு பல கி.மீ. தூரத்துக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, காம்பை மட்டும் வெளியே விட்ட மாதிரி.

சில நொடிப் பார்வை, நூறு நொடிக் கணக்கு

மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் பெரிஸ்கோப்பைச் சில நொடிகளுக்கு மேல் உயர்த்த முடியாது. அந்தச் சில நொடிகளில் எதிரிக் கப்பலின் தூரம், வேகம், அது போகும் திசை மூன்றையும் கணிக்க வேண்டும். தூரத்தைக் கணிக்க கப்பலின் கம்பம் எவ்வளவு உயரம் என்று தெரிந்திருக்க வேண்டும். அது பெரும்பாலும் அனுபவத்தில் போடும் கணக்கு.

ஒரு எளிய கணக்கு போட்டுப் பார்ப்போம். இலக்கு 1,500 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. டார்பிடோவின் வேகம் 30 நாட், அதாவது மணிக்கு சுமார் 55 கி.மீ. போய்ச்சேர கிட்டத்தட்ட 100 நொடி ஆகும். அதற்குள் 10 நாட் வேகத்தில் போகும் சரக்குக் கப்பல் 500 மீட்டர் நகர்ந்திருக்கும். அதனால் கப்பல் இருக்கும் இடத்துக்கு அல்ல, இருக்கப்போகும் இடத்துக்குத்தான் குறி வைக்க வேண்டும். வேகத்தை 2 நாட் தப்பாகக் கணித்தால், குறி 100 மீட்டர் தள்ளிப் போய்விடும். அந்தக் காலத்து 'லிபர்ட்டி' வகை சரக்குக் கப்பலின் மொத்த நீளமே 134 மீட்டர். நடுவில் குறி வைத்திருந்தால் டார்பிடோ கப்பலைத் தாண்டிப் போய்விடும்.

இதனால்தான் ஜெர்மன் கேப்டன்கள் போரின் முதல் பாதியில் இன்னொரு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். இரவில், மூழ்காமல், கடலின் மேலேயே வந்து தாக்குவது. இருட்டில் தாழ்வான நீர்மூழ்கியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். எதிரியின் சோனார் தண்ணீருக்கு அடியில் தேடும், மேலே இருப்பதைத் தவறவிடும். 1940 அக்டோபரில் 'எஸ்சி 7' என்ற கப்பல் அணிவகுப்பில் கிளம்பிய 35 கப்பல்களில் 20 மூழ்கடிக்கப்பட்டன. ஓட்டோ கிரெட்ஷ்மர் என்ற கேப்டன் தன் யு-99 நீர்மூழ்கியை மேலே மிதந்தபடியே அந்தக் கூட்டத்துக்குள் ஓட்டிப்போய்த் தாக்கினார். நீர்மூழ்கியின் பெரிய வெற்றிகளில் ஒன்று அது மூழ்காமல் இருந்தபோது கிடைத்தது.

1971: பெரிஸ்கோப்பில் எதுவும் தெரியவில்லை, ஆனாலும்...

இது ஏதோ பழைய ஐரோப்பிய சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1971 டிசம்பர் 9 இரவு, டையூ அருகே அரபிக்கடலில் இந்தியாவின் ஐஎன்எஸ் குக்ரி போர்க்கப்பலை பாகிஸ்தானின் பிஎன்எஸ் ஹங்கோர் நீர்மூழ்கி மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திர நாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தார்கள்.

ஹங்கோரின் கமாண்டர் அகமது தஸ்னிம் பின்னாளில் சொன்ன விவரத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. தாக்குவதற்கு முன் பெரிஸ்கோப் ஆழத்துக்கு வந்து பார்த்தார்கள். இந்தியக் கப்பல்கள் விளக்குகளை அணைத்திருந்ததால் இருட்டில் எதுவும் தெரியவில்லை. பெரிஸ்கோப்பை நம்பாமல், ஆழத்துக்குப் போய், சோனாரில் கேட்ட ஒலியை மட்டும் வைத்தே டார்பிடோவை ஏவினார்கள்.

விளக்கை அணைத்தது பெரிஸ்கோப்பை ஏமாற்றியது. சோனாரை ஏமாற்றவில்லை. கண்ணால் வேட்டையாடிய காலம் முடிந்து, காதால் வேட்டையாடும் காலம் வந்துவிட்டதற்கு அந்த இரவும் ஓர் அடையாளம்.

ஸ்நார்கல் யார் கண்டுபிடிப்பு?

ஜெர்மனி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போரில் இதை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். அந்நாட்டுக் கடற்படை அதிகாரி யான் யாக்கோப் விஹர்ஸ் உருவாக்கிய அமைப்பு, 1930-களின் இறுதியில் டச்சு நீர்மூழ்கிகளில் பொருத்தப்பட்டது. 1940 மே மாதம் நெதர்லாந்து ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது, இந்தக் குழாயும் ஜெர்மனியர் கைக்கு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அப்போது அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. தப்பிப்போன டச்சு நீர்மூழ்கிகளில் இருந்த குழாய்களை பிரிட்டனும் கழற்றிவிட்டது. இரவில் மேலே வந்தால் இலவசமாகக் காற்று கிடைக்கிறது, எதற்கு இந்தத் தொல்லை என்பதுதான் இரண்டு பக்கத்து எண்ணமும்.

1942-43-ல் நிலைமை தலைகீழானது. நேச நாட்டு விமானங்களில் ரேடார் வந்தது. ரேடாரில் பிடித்து, அருகே வந்ததும் 'லீ லைட்' என்ற சக்திவாய்ந்த விளக்கைப் போட்டு குண்டு வீசினார்கள். இரவு என்ற பாதுகாப்பு காணாமல் போனது. 1943 மே மாதம் மட்டும் 41 யு-போட்கள் அழிந்தன. அதில் ஒன்றில் ஜெர்மன் கடற்படைத் தலைவர் டோனிட்ஸின் சொந்த மகனே இருந்தார். அந்த மாதமே டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கில் இருந்து நீர்மூழ்கிகளைப் பின்வாங்கினார்.

மூலையில் கிடந்த டச்சுக் குழாய் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. 1943-ல் சோதனை, 1944-ல் பரவலான பயன்பாடு.

குழாய் வழியே மூச்சு: உள்ளே இருந்தவர்களின் பாடு

மேலே வராமலே டீசல் இன்ஜினை ஓட்டலாம், பேட்டரியை சார்ஜ் செய்யலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குழாயின் தலையில் ஒரு வால்வு உண்டு. அலை மேலே வந்தால் தண்ணீர் உள்ளே போகாமல் அது மூடிக்கொள்ளும். இன்ஜினுக்கு அது தெரியாது. அது தன் பாட்டுக்குக் காற்றை இழுக்கும். எங்கிருந்து? மாலுமிகள் சுவாசித்துக்கொண்டிருக்கும் அறையில் இருந்து.

சில நொடிகளில் உள்ளே காற்றழுத்தம் இறங்கும். மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைக்கும் இல்லையா? அது மெதுவாக நடக்கும். இங்கே அதே விஷயம் சில நொடிகளில் நடந்து, வால்வு திறந்ததும் படாரென்று திரும்பும். அலை அதிகமான கடலில் இப்படித் திரும்பத் திரும்ப, மணிக்கணக்கில். காதுவலியும் தலைவலியும் அன்றாடக் கதை. தூங்கிக்கொண்டிருப்பவருக்கும் தப்பில்லை.

அதைவிட ஆபத்து புகை. இன்ஜின் புகையும் தண்ணீருக்குள்தான் வெளியேற வேண்டும். கப்பல் கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டால், வெளியே உள்ள நீரின் அழுத்தத்தைத் தாண்டிப் புகை போக முடியாமல் உள்ளே திரும்பும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மாலுமிகள் மயங்கி விழுந்த சம்பவங்களும், இறந்த சம்பவங்களும் உண்டு.

வேகமும் போகவில்லை. மணிக்கு சுமார் 11 கி.மீ.-க்கு மேல் போனால் குழாய் வளையும், உடையும் என்ற பயம். மேலே 10 நாட் வேகத்தில் ஒரு நாளில் 240 கடல் மைல் போன அதே கப்பல், ஸ்நார்கலோடு ஒரு நாளைக்கு 100 கடல் மைல் தாண்டுவதே அரிது. வேட்டைக்குப் போகும் இடத்தை அடையவே வாரக்கணக்கில் ஆனது.

இன்னொரு முக்கியமான குறை, செவிட்டுத்தனம். டீசல் இன்ஜின் போடும் சத்தத்தில் நீர்மூழ்கியின் ஒலிவாங்கிக்கு வெளியே நடப்பது எதுவும் கேட்காது. ஆனால் எதிரிக்கு இதன் சத்தம் நன்றாகக் கேட்கும். அதனால் அவ்வப்போது இன்ஜினை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது.

அப்போ ஸ்நார்கல் தோல்வியா?

அப்படி ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. மிதக்கும் ஒரு கப்பலோடு ஒப்பிட்டால், ஸ்நார்கலின் தலை ரேடாருக்கு மிகச் சிறிய புள்ளி. அலை அடிக்கும் கடலில் அந்தப் புள்ளி கடலின் இரைச்சலோடு கலந்துவிடும். ரேடார் அலையை உறிஞ்சும் பூச்சையும் ஜெர்மனி அதன் தலையில் ஒட்டிப் பார்த்தது. விமானத்தில் இருந்து தப்பிக்க ஸ்நார்கல் உண்மையிலேயே உதவியது. அமைதியான கடலில் மட்டும் நுரையும் இன்ஜின் புகையும் காட்டிக்கொடுத்தன.

போர் முடிந்தபிறகு சரணடைய மறுத்து நார்வேயில் இருந்து கிளம்பிய யு-977, 1945 ஆகஸ்ட் 17 அன்று அர்ஜென்டினா போய்ச் சேர்ந்தது. வழியில் 66 நாட்கள் தொடர்ந்து மூழ்கியபடி ஸ்நார்கலில் வந்ததாக அதன் கேப்டன் ஹைன்ஸ் ஷேஃபர் பின்னாளில் எழுதினார். இந்த எண்ணிக்கையைச் சந்தேகிக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் பிழைப்பது வேறு, ஜெயிப்பது வேறு. மெதுவாக, செவிடாக, பாதிக் குருடாக நகரும் நீர்மூழ்கியால் வேகமான கப்பல் அணிவகுப்பைத் துரத்த முடியவில்லை. கரையோரமாகப் பதுங்கிக் காத்திருந்து, தானாக வந்து மாட்டுவதைத் தாக்குவதுதான் மிச்சம். ஸ்நார்கல் யு-போட்டின் உயிரைக் காப்பாற்றப் பார்த்தது. அதற்கு விலையாக அதன் பல்லைப் பிடுங்கிக்கொண்டது.

யு-போட்களில் போன சுமார் 40,000 பேரில் கிட்டத்தட்ட 30,000 பேர் திரும்பி வரவில்லை. அவர்கள் மூழ்கடித்த கப்பல்களில் இறந்த வணிகக் கப்பல் மாலுமிகளும் பல்லாயிரம் பேர்.

இன்றைக்கு இது எதற்கு?

எதற்கென்றால், இந்தியாவின் கல்வரி வகை நீர்மூழ்கிகள் ஆறும் டீசல்-மின் வகைதான். ஆறாவதான ஐஎன்எஸ் வாக்ஷீர் 2025 ஜனவரியில் கடற்படையில் சேர்ந்தது. பேட்டரி இறங்கினால் இவையும் ஸ்நார்கலை உயர்த்தித்தான் ஆக வேண்டும். உலகம் முழுக்க நீர்மூழ்கி நிபுணர்கள் இன்றும் கேட்கும் கேள்வி, ஒரு நீர்மூழ்கி தன் நேரத்தில் எத்தனை சதவீதத்தை இப்படிக் குழாயை நீட்டியபடி கழிக்கிறது என்பதுதான். அந்தச் சதவீதம் குறையக் குறைய, அது பிழைக்கும் வாய்ப்பு கூடும்.

அதைக் குறைக்கத்தான் 'ஏஐபி' தொழில்நுட்பம். வெளிக்காற்று இல்லாமலேயே மின்சாரம் தயாரிக்கும் அமைப்பு இது. இது இருந்தால், மெதுவான வேகத்தில் இரண்டு வாரம் வரைகூட குழாயை உயர்த்தாமல் இருக்க முடியும். கல்வரி வகைக்கு டிஆர்டிஓ உருவாக்கிய ஏஐபி-யைப் பொருத்துவதற்கான அமைப்பைக் கட்ட 2024 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாகிஸ்தானிடம் ஏஐபி உள்ள அகோஸ்டா வகை நீர்மூழ்கிகள் ஏற்கனவே இருக்கின்றன. சீன உதவியோடு அந்நாடு வாங்கும் எட்டு புதிய நீர்மூழ்கிகளும் ஏஐபி வகைதான். அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ஹங்கோர் வகை.

பெரிஸ்கோப்பும் மாறிவிட்டது. அமெரிக்காவின் வர்ஜீனியா வகை நீர்மூழ்கிகளில் கண் வைத்துப் பார்க்கும் குழாயே கிடையாது. கேமராக்கள் உள்ள கம்பம் சில நொடிகள் மேலே வந்து சுற்றிலும் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடும். எல்லாரும் திரையில் நிதானமாகப் பார்க்கலாம். யுஎஸ்எஸ் கொலராடோவில் அந்தக் கம்பத்தை இயக்க, வீடியோ கேம் விளையாடும் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரையே பயன்படுத்துகிறார்கள். கடலுக்குள் இருந்து கப்பல் கூட்டுக்குள் வரும் பெரிய ஓட்டை ஒன்றும் இதனால் குறைகிறது.

ஆனாலும் ஒன்று மாறவில்லை. பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கம்பம் தண்ணீரைத் தாண்டி மேலே வந்தாக வேண்டும். நம் அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில் இருந்து பறக்கும் பி-8ஐ விமானங்களின் ரேடார், கடலில் தேடுவதில் இதுவும் ஒன்று: அலைகளுக்கு நடுவே சில நொடிகள் எட்டிப்பார்க்கும் ஒரு குழாயின் தலை.

எண்பது ஆண்டுகளுக்கு முன் வட அட்லாண்டிக்கில் பறந்த விமானிகள் தேடியதும் அதைத்தான். நீர்மூழ்கி அமைதியான கடலில் எவ்வளவு ஆழத்தில் ஒளிந்திருந்தாலும், பார்க்கவும் மூச்சுவிடவும் என்றாவது மேலே வரும் என்று அவர்களுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் மாலுமிக்கும் அது தெரியும்.